மூன்றாவது கேள்விக்கு நான் போட்ட டிக்

அந்தச் சீட்டு முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுகிற சிவப்பு. திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தோம். பழக்க தோஷத்தில் அச்சகத்துக்காரர் நான்கு ஓரத்திலும் கொடியும் பூவுமாக ஒரு பார்டர் வேறு போட்டுக் கொடுத்துவிட்டார். நடுவில் நான்கு கேள்விகள். என்ன நோய் என்று சந்தேகிக்கிறீர்கள்? மருந்து தொடங்கும் முன் இரத்தமோ சிறுநீரோ பரிசோதனைக்கு எடுத்தாயிற்றா? நோயாளியின் உடம்பு முழுவதும் பார்த்தாயிற்றா? எந்த நாளில் மறுபடி பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வீர்கள்? கீழே டாக்டரின் கையெழுத்து. இது நிரம்பி வந்தால்தான், அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெரிய ஆன்டிபயாடிக் ஊசிகளை எடுத்துக் கொடுக்கலாம். நான் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தகப் பொறுப்பாளன். அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது.

சீட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் லேபுக்குப் புதிதாக வந்த நுண்ணுயிரியல் டாக்டர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் ‘கிருமி டாக்டரம்மா’ என்றுதான் பேர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். கோபம் வந்தாலும் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார். ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பொறுப்பாகப் பயன்படுத்த ஒரு கமிட்டி போடவேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவு செய்து, அந்த வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கு அவர் மேல் முதலில் எரிச்சல்தான். இருபத்தைந்து வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவனுக்கு, நேற்று வந்த ஒருவர் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? சீட்டுகள் தமிழில் இருக்கட்டும் என்று அவர் சொன்னபோதும், டாக்டர்கள் நிரப்புகிற சீட்டுக்குத் தமிழ் எதற்கு என்று வாய்விட்டே கேட்டேன். “நர்சுங்களும் நீங்களும் படிச்சாத்தானுங்கண்ணா திருப்பிக் கேள்வி கேப்பீங்க” என்றார்.

முதல் கமிட்டிக் கூட்டம் நினைவிருக்கிறது. எங்கள் சர்ஜன் நல்ல கைக்காரர், அதைவிட நல்ல வாய்க்காரர். குடலிறக்க ஆபரேஷன் செய்தால் ஒரு வாரம் ஊசி, அப்புறம் ஒரு வாரம் மாத்திரை என்பது அவர் வழக்கம். கத்தி வைப்பதற்குச் சற்று முன்பு ஒரு ஊசி போட்டால் போதும், அதற்குமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதும், “இத்தனை வருசம் என் பேஷண்ட் ஒருத்தருக்காவது சீழ் வச்சிருக்கா?” என்று சிரித்தார். டாக்டரம்மா படம் போட்டு விளக்கவில்லை. தன் அப்பாவின் தக்காளித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். “மொதல் வருசம் டேங்குக்கு ஒரு மூடி மருந்து ஊத்துனாருங்க. பூச்சி செத்துச்சு. அடுத்த வருசம் ரெண்டு மூடி. அப்புறம் நாலு. இப்ப பாட்டிலையே கவுத்தாலும் பூச்சி அப்படியே உக்காந்திருக்குதுங்க. செடிதான் கருகுது.” அந்த அறையில் பாதிப் பேருக்கு ஊரில் காடு கழனி உண்டு. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. சர்ஜனும் மூன்று மாதம் முரண்டு பிடித்துவிட்டு, ஒரு ஊசிக்கு இறங்கி வந்தார்.

எங்கள் ஜனங்களை இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் பக்கம் மருந்துக்கு ஒரே அளவுகோல்தான்: பவர். எந்த நோய், எந்தக் கிருமி என்பதெல்லாம் டாக்டர் கவலை. “அண்ணே, கொஞ்சம் பவரா குடுங்க” என்பார்கள். “போன தடவை குடுத்தது பவர் பத்தல” என்பார்கள். நானும் அந்தப் பேச்சையே பேசி வளர்ந்தவன். உறவுக்காரர்கள் ஊரிலிருந்து போன் செய்து காய்ச்சல் என்றால், நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் இரண்டு மாத்திரைப் பெயர் சொல்லியிருக்கிறேன். படித்த படிப்பு அதற்குக் குறுக்கே வந்ததே இல்லை.

இந்தப் பவர் ஆசைதான் சிவப்புச் சீட்டைக் கவிழ்த்தது. கஷ்டப்பட்டுக் கேட்டு வாங்கவேண்டிய மருந்து என்றால் அதுதான் உயர்ந்த மருந்து என்று வார்டில் பேச்சுப் பரவிவிட்டது. பூப்போட்ட பார்டரும் சேர்ந்துகொண்டது. “எங்கப்பாவுக்குச் சிவப்புச் சீட்டு மருந்து ஓடிக்கிட்டு இருக்கு” என்று ஒருவர் போனில் பெருமையாகச் சொல்வதை என் காதால் கேட்டேன். வெங்காய மண்டிக்காரர் ஒருவர் நடக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவர், எழுந்து என் ஜன்னலுக்கே வந்துவிட்டார். “பக்கத்துப் பெட்டுக்காரனுக்குச் சிவப்புச் சீட்டு, எனக்கு மட்டும் சாதா வெள்ளைச் சீட்டா? நான் என்ன இளிச்சவாயனா?” என்றார். மருந்தைக் கட்டுப்படுத்த அடித்த சீட்டு, மருந்துக்கு விளம்பரமாகிவிட்டது. கட்டுப்பாடு வந்த பிறகு அந்த ஊசிகளின் செலவு கூடியிருப்பதை நான்தான் டாக்டரம்மாவிடம் கொஞ்சம் குஷியோடு போய்ச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாணிக் கலர்ல அடிச்சுடுங்கண்ணா. பார்டர் வேண்டாம்ங்க” என்றார். அப்படியே அடித்தோம். சாணிக் கலர் சீட்டு வேண்டும் என்று கேட்டு யாரும் ஜன்னலுக்கு வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனதும் நான் ஒரேயடியாக மாறினேன். சாவி வைத்திருப்பவனுக்கு வருகிற திமிர் எனக்கும் வந்தது. சீட்டில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். டாக்டர்கள் நேரில் வந்து கெஞ்சினாலும் அசையமாட்டேன். மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் காலியாக விடுவார்கள், இல்லையென்றால் பார்க்காமலேயே டிக் போடுவார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. “அதுதானுங்க முக்கியம். கிருமி எங்க உக்காந்திருக்குன்னு தேடாம மருந்தை மட்டும் பெருசாப் போட்டா எப்படீங்க?” என்றார். நானும் அதற்கு ஒத்து ஊதினேன்.

என் அக்கா சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு சிறு ஊரில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் திண்டுக்கல் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவேண்டும் என்பதற்காக அவள் எட்டாவதோடு நின்று வயலுக்குப் போனாள். நான் டாக்டராவேன் என்று எதிர்பார்த்தாள். மார்க் வரவில்லை, மருந்தாளுநர் படிப்புத்தான் கிடைத்தது. அவள் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஊரில் எல்லோரிடமும் “தம்பி டாக்டர் மாதிரிதான்” என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ‘மாதிரி’ எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஊரிலேயே பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சனிக்கிழமை காலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கண் சிவந்து, பேசினால் இளைத்தது. டாக்டரம்மா பழனியில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். டியூட்டி டாக்டர் சின்னப் பையன் இல்லை, விவரமானவர்தான். ஆனால் அன்று நத்தம் ரோட்டில் வேன் கவிழ்ந்து ஏழெட்டுப் பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அக்காவை அவசரமாகப் பார்த்து, ஒரு சாதாரண ஊசியை எழுதி, “டெஸ்டுக்கு எடுக்கச் சொல்றேன், ரிசல்ட் வரட்டும்ணே, பாத்துக்கிட்டு மாத்துவோம்” என்றார். சரியான பேச்சு. வேறு யார் வீட்டு அக்காவாக இருந்தாலும் நானே அதைச் சொல்லியிருப்பேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏலே, நல்ல பவரான மருந்தாப் போடச் சொல்லுடா. நீ இம்புட்டு பெரிய ஆசுபத்திரியில இருக்க” என்றாள். அதற்குமேல் எனக்கு எந்தக் கமிட்டியும் ஞாபகம் வரவில்லை. பயந்துபோனேன். நேரே போய் ஒரு சாணிக் கலர் சீட்டை எடுத்து நானே நிரப்பினேன். சந்தேகம்: இரத்தத்தில் கிருமி. பரிசோதனைக்கு எடுத்தாயிற்றா? டிக். உடம்பு முழுவதும் பார்த்தாயிற்றா? டிக். இரண்டுமே நடக்கவில்லை. சீட்டை நீட்டியபோது டியூட்டி டாக்டர் ஒருவர் தலையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். “நீங்களே பாத்து எழுதுனதா? அப்ப சரியாத்தாண்ணே இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். சீட்டு விஷயத்தில் அந்தக் கட்டடத்திலேயே கறாரான ஆள் என்று எனக்குப் பேர். அந்தப் பேரை வைத்துத்தான் அவரை ஏமாற்றினேன்.

இரண்டு நாள் அந்தப் பெரிய ஊசி ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆக்சிஜன் வைத்தார்கள். இருந்தாலும் எங்கள் வீட்டார் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இருப்பதிலேயே பெரிய மருந்து ஓடுகிறது, இதற்குமேல் என்ன செய்யமுடியும் என்று மச்சான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பரிசோதனைக்கு எதுவுமே எடுக்கவில்லை என்பதைச் சொல்லமுடியாமல் நான் மட்டும் தவித்தேன். அக்கா போய்விடுவாள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே நினைத்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார். சனி, ஞாயிறில் போன சீட்டுகளை எடுத்துப் பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டு ஜன்னலுக்கு வந்தார். “இந்தப் பேஷண்ட் பிளட் சாம்பிள் லேபுக்கு வரவே இல்லீங்களே அண்ணா?” என்றார். நான் சீட்டைப் பார்த்தபடி, “எங்கக்கா” என்றேன். அவர் உடனே வார்டு நர்சைக் கூட்டிக்கொண்டு அக்காவின் கட்டிலுக்குப் போய், திரையை இழுத்துவிட்டுத் தலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். நான் வெளியே நின்றேன். அக்குளைக் காட்டுங்க, புரண்டு படுங்க என்று குரல் கேட்டது. பிறகு, “பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளத்துங்கம்மா” என்றார். அக்கா வெட்கப்பட்டுச் சண்டை போடுவதும் கேட்டது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாடா இறுக்கி இறுக்கி இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புத் தடம் இருக்கும். நர்ஸும் துணி மாற்றும்போது அங்கே ஏதோ கறுப்பாக இருந்ததைப் பார்த்திருக்கிறார், நாடாத் தழும்பு என்று விட்டுவிட்டார். அந்தத் தடத்துக்குள்ளேயே, சிகரெட் சுட்டதுபோல் ஒரு சின்னப் பொருக்கு இருந்தது. வலியில்லாத பொருக்கு. திரையை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா வெளியே வந்தார். “உண்ணிக் காய்ச்சலுங்கண்ணா. வரப்புல புல்லறுக்கப் போனாங்களா?” என்றார். போனாள். தினமும் போவாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புல்லுண்ணி கடித்து வருகிற காய்ச்சல் அது.

அந்தக் காய்ச்சலுக்கு நான் போட வைத்த பெரிய ஊசி சுத்தமாக வேலை செய்யாது. வேலை செய்வது டாக்சிசைக்ளின் என்கிற பழைய மாத்திரை. என் மருந்தகத்தில் கீழ்த்தட்டில் யாரும் சீந்தாமல் கிடந்தது. அதற்குச் சீட்டும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். டாக்டரம்மா பெரிய ஊசியை நிறுத்திவிட்டு அதை எழுதினார். பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினார், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. அக்கா இளைக்க இளைக்கக் கத்தினாள். “பெரிய மருந்தை நிறுத்திப்புட்டு மாத்திரையைக் குடுக்குறா. நான் செத்தா இவளுக்கென்ன? மருந்தை மிச்சம் புடிக்கப் பாக்குறா.” டாக்டரம்மா காதில் அது விழாமல் இருக்க வழியில்லை. புதன்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை ஆக்சிஜனை எடுத்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கிளம்புகிற அன்று டாக்டரம்மா பார்க்க வந்தார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் போனதும் மச்சானிடம் சொன்னாள்: “தம்பி போட்ட மருந்துதான் என்னைய எழுப்பி விட்டுச்சு. அந்தப் பிள்ளை குறுக்கால வந்து நிறுத்தாம இருந்தா இன்னும் வெரசா எந்திரிச்சிருப்பேன்.” நான் பக்கத்தில் நின்று மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “கமிட்டியில இதைச் சொல்லித்தானுங்கண்ணா ஆகணும். பேரு போடமாட்டேன். ஆனா உங்கக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார். எதற்கு என்று கேட்டேன். “என்னை நல்லவளாக் காட்டிக்கிறதுக்கு இல்லீங்கண்ணா. அந்த ஊர்ல எல்லாரும் அதே வரப்புலதானே புல்லறுக்கறாங்க” என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். அவரும் நம்பினார்.

கூட்டத்தில் ‘நோயாளியின் உறவினர் ஒருவர்’ என்று மட்டும் சொன்னார். அந்த உறவினர் நான்தான் என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், நான் எழுந்து சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஊருக்குப் போனால் அக்கா எனக்கு முதல் தோசையைப் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “என் உசிரைக் காப்பாத்துன தம்பி” என்பாள். ‘டாக்டர் மாதிரி’ என்பது போய், நான் டாக்டரையே தோற்கடித்தவன் ஆகிவிட்டேன். கூடவே அந்தக் கஞ்சத்தனம் பிடித்த டாக்டரம்மா கதையையும் சொல்லி, நாலு ஏச்சும் ஏசுவாள். நான் தலையைக் குனிந்து தோசையைப் பிய்ப்பேன். ஆனாலும் அந்தப் பேர் எனக்கு வேண்டியிருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் டாக்டரம்மா கோயம்புத்தூரில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கிளம்பும்போதும், “அக்கா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். சொன்னீர்களா என்று கேட்கவில்லை.

போன கார்த்திகையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு ஜன்னலை மூடப்போகிற நேரத்தில் அக்கா வந்து நின்றாள். ஆட்டோவில் எதிர்வீட்டு மதினியைக் கூட்டி வந்திருந்தாள். இருவரும் சேர்ந்துதான் புல்லறுக்கப் போவார்கள். மதினிக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். அக்கா பேச்சைக் கேட்டுக் கடையில் பவரான மாத்திரை வாங்கி நாலு நாள் விழுங்கியிருக்கிறார்கள். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து இளைத்துக்கொண்டிருந்தாள் மதினி. அக்கா ஜன்னல் வழியே குனிந்து, “அப்பு, எனக்குப் போட்டியே, அதே மருந்தைப் போட்ரு. அந்தப் பிள்ளை மாதிரி எவளாச்சும் நிறுத்த வந்தா விட்டுராத” என்றாள்.

நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வார்டுக்குப் போன் செய்து, காய்ச்சல் கேஸ், இடுப்பில் நாடாத் தடத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். பொருக்கு அங்கே இல்லை. தேடிப் பார்த்ததில் இடது மார்புக்குக் கீழே இருந்தது. மதினிக்கு அன்று மதியமே டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். அவள் அக்காவைவிட மோசமாகக் கிடந்தாள், ஐ.சி.யு.வில் ஒரு வாரம் இருந்தாள், பிழைத்துக்கொண்டாள். அந்த நாலு நாள் கடை மாத்திரை என் கணக்கில்தான் சேரும். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் நாலு நாள் முன்னாலேயே வந்திருப்பாள்.

மதினியை உள்ளே கொண்டுபோனதும், எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் அக்காவை உட்காரவைத்துச் சொன்னேன். சீட்டை நானே எழுதியதை, பார்க்காமலே பார்த்ததாக டிக் போட்டதை, என் மருந்து ஓடிய இரண்டு நாளும் அவளுக்கு ஒன்றுமே போடாதது மாதிரிதான் என்பதை, திங்கட்கிழமை அந்தப் பெண் வந்திருக்காவிட்டால் அவள் இருந்திருக்கமாட்டாள் என்பதை எல்லாம் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“நீ பயந்துபோய் செஞ்ச. அது எனக்குப் புரியுது” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “இம்புட்டு வருசமா ஊரு பூரா அந்தப் பிள்ளையை ஏசிக்கிட்டு இருந்தேனே. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானடா இருந்த. ஏன்டா என்னைய ஏச விட்ட?”

இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மூன்றாவது கேள்விக்கு டிக் மட்டும் போட்டால் அது ஏற்காது, எங்கெங்கே பார்த்தோம் என்று எழுதவேண்டும். அதை அப்படி மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தவன் நான்தான். அக்காவுக்கு அதெல்லாம் பதிலாகாது.

“அந்தப் பிள்ளை நம்பரு இருக்கா?” என்றாள். இருந்தது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே போடச் சொன்னாள். இரண்டாவது மணியில் எடுத்து, “சொல்லுங்கண்ணா, நல்லா இருக்கீங்களா?” என்றார் டாக்டரம்மா. நான் போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, காதில் வைக்கத் தயங்கி, பிறகு வைத்தாள். தன் பேரைச் சொல்லவில்லை, என் அக்கா என்றும் சொல்லவில்லை.

“அம்மா, பெரிய மருந்தை நிறுத்துனீங்கள்ல, அந்தப் பொம்பளை பேசுறேன்” என்றாள்.